நீலகிரியில் வெண்பனி விழாது

டிசம்பர் பாதி கடந்ததும் உதகமண்டலத்தின் தாழ்வான புல்வெளிகள் விடியற்காலையில் உறைபனியால் வெளுக்கத் தொடங்குகின்றன. காந்தல், தலைக்குந்தா, குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் புல்தரை, அவலாஞ்சி என ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே இடங்கள்தாம். ‘பனிப்பொழிவு’ என்றும் ‘மினி காஷ்மீர்’ என்றும் தலைப்பிட்ட செய்திகள் வருகின்றன. இவற்றையொட்டி, வெப்பமானியை நாள்தோறும் கவனிக்கும் உள்ளூர் வானிலை ஆர்வலர்கள் பலரிடம் ஓர் எதிர்பார்ப்பு வளர்ந்திருக்கிறது. தரை இப்போதே பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறது. இன்னும் இரண்டு மூன்று டிகிரி இறங்கி, அந்த நேரம் பார்த்து வங்கக்கடலிலிருந்து ஒரு மேகக் கூட்டமும் வந்துவிட்டால் தொட்டபெட்டாவில் உண்மையான வெண்பனியே விழும். இந்தக் குளிர்காலத்தில் இல்லாவிட்டால் அடுத்த குளிர்காலத்தில் என்பது அந்த எதிர்பார்ப்பு.

இது நிறைவேறாத எதிர்பார்ப்பு. நாள் கூடிவராததால் அது தள்ளிப்போய்க்கொண்டிருப்பதாக எண்ணுவதற்கும் இடமில்லை. உறைபனி முற்றினால் வெண்பனி ஆகும் என்று கொள்வதிலேயே பிழை தொடங்குகிறது. உறைபனியைக் கொண்டுவரும் வானம் வெண்பனியைத் தர முடியாத வானம். ஒன்றுக்குத் தேவையான நிலைமை மற்றொன்றைத் தடுத்துவிடுகிறது. இதை விளங்கிக்கொள்ள, விடியற்காலையில் அந்தப் புல்வெளியில் நடப்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

உறைபனி மேலிருந்து விழுவதே இல்லை. இரவில் மேகமில்லாத வானத்தின் கீழ் இருக்கும் ஒவ்வொரு பரப்பும் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு இழந்துகொண்டிருக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தாலோ மேகம் மூடியிருந்தாலோ அந்த வெப்பத்தின் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். வறண்ட, தெளிந்த, காற்று அசையாத இரவில் திரும்பி வருவது குறைவு. புல்லின் இதழ் மெல்லியது. மண்ணிலிருந்து அதற்கு ஏறிவரும் வெப்பமும் சொற்பம். ஆகவே அது தன்னைச் சூழ்ந்த காற்றைவிட வேகமாகக் குளிர்கிறது. பூஜ்ஜியத்துக்குக் கீழே சென்றதும், அதைத் தொட்டு நிற்கும் காற்றிலுள்ள நீராவி நேராகப் பனிக்கட்டிப் படிகமாக அதன்மேல் படிகிறது. வானிலை நிலையங்களில் வெப்பமானி தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் அளவு உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. அந்தப் பெட்டி 3 அல்லது 4 டிகிரி காட்டும் காலையிலும் காலடியில் உள்ள புல் உறைந்திருப்பது இதனால்தான். ‘மைனஸ்’ என்று செய்திகளில் வரும் எண்கள் பலவும் புல்மட்டத்து அளவுகள். அவற்றை மலையின் காற்று வெப்பநிலையாக எடுத்துக்கொள்வது முதல் தவறு.

இந்த விளக்கம் புதிதல்ல. 1814-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் பனித்துளியைப் பற்றி எழுதிய நூலில் இதைச் சோதனைகளோடு நிறுவினார். இருபுறமும் திறந்த களிமண் உருளை ஒன்றைப் புல்மேல் செங்குத்தாக நிறுத்தி, அதற்குள் எடை போட்ட கம்பளிப் பஞ்சு ஒன்றை வைத்தார். அதே எடையுள்ள இன்னொரு பஞ்சைப் பக்கத்தில் திறந்த புல்லில் வைத்தார். பனி மழைபோல் மேலிருந்து இறங்குவதானால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நனைந்திருக்க வேண்டும். உருளைக்குள் இருந்த பஞ்சோ மிகக் குறைவாகவே ஈரம் ஏற்றிருந்தது. உருளையின் சுவர் வானத்தின் பெரும்பகுதியை மறைத்ததால் அந்தப் பஞ்சு போதிய வெப்பத்தை இழக்கவில்லை என்பதே காரணம். இந்த ஆய்வுக்காக ராயல் சொசைட்டி அவருக்கு ரம்ஃபோர்டு பதக்கம் அளித்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் தீர்ந்துபோன கேள்வி இது.

வெல்ஸின் சோதனையைத் தலைக்குந்தாவில் எந்த உறைபனிக் காலையிலும் கண்ணாலேயே பார்க்கலாம். திறந்த புல்வெளி வெள்ளையாக இருக்கும். அதை ஒட்டி நிற்கும் மரங்களின் கிளைகள் கவிந்த தரை பச்சையாகவோ பழுப்பாகவோ அப்படியே இருக்கும். இரவில் நிறுத்திவைத்த காரின் கூரையும் முன்கண்ணாடியும் வெளுத்திருக்கும். பக்கக் கண்ணாடிகளில் அவ்வளவு இராது. காருக்கு அடியில் ஒன்றுமே இராது. பக்கத்தில் உள்ள தார்ச்சாலை, பகலில் வாங்கிய வெப்பத்தை வைத்திருப்பதால், கறுப்பாகவே கிடக்கும். மேகத்திலிருந்து விழும் வெண்பனி இப்படி இடம் பார்ப்பதில்லை. குளிர்ந்த தரை எதுவானாலும் அதன்மேல் குவியும், மரக்கிளைமேல் ஏறும், காற்றடித்தால் சுவரோரம் சேரும். அதற்கு ஆழம் உண்டு, சென்டிமீட்டரில் அளப்பார்கள். உறைபனிக்கு அளக்கத்தக்க ஆழம் இல்லை. வெயில் பட்டுச் சிறிது நேரத்தில் நீராகி மறைந்துவிடும்.

புல்லில் பனிக்கட்டி இருப்பதும், பாத்திரத்தில் வைத்த தண்ணீர் உறைவதும் வெண்பனிக்கு அறிகுறி என்றால், வட இந்தியச் சமவெளியிலும் வெண்பனி விழுந்திருக்க வேண்டும். அலகாபாத்தில் இயற்கைக் குளிரைக் கொண்டே பனிக்கட்டி தயாரிக்கப்பட்டதை ராபர்ட் பார்க்கர் 1775-இல் ராயல் சொசைட்டியின் இதழில் விவரித்திருக்கிறார். ஆழம் குறைந்த பள்ளங்களில் காய்ந்த கரும்புத் தட்டையையோ சோளத்தட்டையையோ பரப்பி, அதன்மேல் ஆழமற்ற மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றிவைப்பார்கள். தட்டை மண்ணின் வெப்பத்தைத் தடுக்கும். தெளிந்த வானம் தண்ணீரின் வெப்பத்தை உறிஞ்சும். காற்று உறைநிலைக்கு மேல் இருக்கும்போதே தட்டில் பனிக்கட்டி பிடிக்கும். விடியுமுன் வேலையாட்கள் வந்து சேகரிப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரத்தில் உள்ள ஓர் ஊரில் இது நடந்தது. தரை உறைவதற்கும் வானிலிருந்து வெண்பனி இறங்குவதற்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெண்பனிக்கு வேண்டியது வேறு. மேகத்துக்குள் பனிப்படிகங்கள் வளர வேண்டும். அவை கீழே இறங்கும் வழி நெடுகிலும் காற்று உறைநிலைக்குக் கீழேயோ அதற்கு மிக அருகிலோ இருக்க வேண்டும். உறைநிலை மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 300 மீட்டர் வரைதான் வெண்பனி உருகாமல் தாக்குப்பிடிக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, தரையில் எத்தனை டிகிரி என்பதல்ல. வானில் எந்த உயரத்தில் காற்று பூஜ்ஜியத்தைத் தொடுகிறது என்பது. குளிர்காலத் தமிழகத்தின் மேல் அந்த மட்டம் பொதுவாக நாலரை முதல் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். உச்சிக்கும் உறைநிலை மட்டத்துக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் வெப்பக்காற்று நிற்கிறது.

மீனம்பாக்கத்திலிருந்து இந்திய வானிலை ஆய்வுத் துறை ஏற்றும் பலூன் இதை அளந்து காட்டுகிறது. 700 மில்லிபார் மட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3.1 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது, அதாவது தொட்டபெட்டா உச்சிக்கும் மேலே. ஜனவரியில் அங்கே காற்றின் வெப்பநிலை பெரும்பாலும் 10 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதே விடியலில் காந்தலின் புல் பூஜ்ஜியத்துக்குக் கீழே. தரை உறைந்திருக்க, அதற்கு 900 மீட்டர் மேலே காற்று வெதுவெதுப்பாக இருக்கிறது. மேலே போகப்போகக் குளிரும் என்ற பொதுவிதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்கள் இந்தத் தலைகீழ் அடுக்கைத் தவறவிடுகிறார்கள். இரவில் சரிவுகளில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீரைப்போல வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. உறைபனி பள்ளங்களைத் தேடுவதும், பல காலைகளில் தொட்டபெட்டா உச்சியைவிடத் தாழ்வான காந்தல் கூடுதலாகக் குளிர்ந்திருப்பதும் இதனால்தான். வெண்பனியை உச்சியில் எதிர்பார்த்து, அதற்கு ஆதாரமாகப் பள்ளத்தின் வெப்பநிலையைக் காட்டுவதில் உள்ள முரண் கண்ணில் படாமல் போவது வருந்தத்தக்கது.

இன்னும் இரண்டு மூன்று டிகிரி இறங்கி, மேகமும் வந்துவிட்டால் என்ற வாதத்தின் நிலை இப்போது தெரியும். மேகம் வந்தால் அந்தக் குளிர் இராது. வெப்பத்தை வானத்துக்குத் தப்பவிட்ட அந்தத் தெளிவுதான் குளிரை உண்டாக்கியது. மேகம் அதை மூடிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வடக்கேயிருந்து வறண்ட தரைக்காற்று வரும்போதுதான் உறைபனி வலுக்கிறது. டிசம்பரிலோ ஜனவரியிலோ வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி மேகம் நீலகிரியை எட்டினால், அன்றிரவு புல் வெளுப்பதில்லை. குறைந்தபட்ச வெப்பநிலை பல டிகிரி ஏறிவிடுகிறது. இதை உதகையில் வசிப்பவர் யாரும் அறிவார்கள். அந்த மேகம் கொண்டுவரும் காற்று, மேற்பரப்பு 26 முதல் 28 டிகிரி வெப்பத்தில் உள்ள கடலின்மேல் கிடந்த காற்று. அது மலையில் ஏறிக் குளிர்ந்தாலும் தரக்கூடியது மழைதான். நீலகிரிக்கு ஈரம் கொட்டும் பருவமோ தென்மேற்குப் பருவமழைக் காலம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ஈரம் வரும்போது குளிர் இல்லை. குளிர் வரும்போது ஈரம் இல்லை. இரண்டும் எப்போதாவது தற்செயலாகச் சந்தித்துவிடும் என்று காத்திருப்பவர்கள், ஒன்று வந்தால் மற்றொன்று விலகும் என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை.

விவரம் அறிந்த ஆர்வலர்கள் இங்கே ஒரு நுட்பமான வாதத்தை வைப்பதுண்டு. வறண்ட காற்றில் மழை விழுந்தால் அதில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். அதனால் வெப்பமானி 2, 3 டிகிரி காட்டும்போதும் வெண்பனி தரையைத் தொடுவது உலகில் பல இடங்களில் நடக்கிறது. இது உண்மைதான். ஆனால் அந்த இடங்களில் உறைநிலை மட்டம் தரைக்குச் சில நூறு மீட்டர் மேலேதான் இருக்கும். குளிர்விக்க வேண்டிய அடுக்கு அவ்வளவே. நீலகிரியின் மேல் இருப்பது இரண்டு கிலோமீட்டர் தடிமன், அதன் கீழ்ப்பகுதியில் 10 டிகிரி. அதை ஆவியாதல் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர முடியாது. காற்று ஈரத்தால் நிறைந்ததும் ஆவியாதல் நின்றுவிடும். அப்போதும் அந்த அடுக்கு உறைநிலைக்கு மேலேயே இருக்கும்.

அடுத்தது உயர ஒப்பீடு. சிம்லா சுமார் 2,200 மீட்டர். உதகை சுமார் 2,240 மீட்டர். அங்கே விழுவது இங்கே ஏன் விழக்கூடாது என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. சிம்லா 31-ஆம் அட்சரேகையில் இருக்கிறது. உதகை பதினொன்றரைக்கும் குறைவில். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் கலக்கங்கள் குளிர்காலத்தில் சிம்லாவுக்கு ஈரத்தையும் குளிரையும் சேர்த்தே கொண்டுவருகின்றன. அந்த நாட்களில் அங்கே உறைநிலை மட்டம் இரண்டு கிலோமீட்டர் அளவுக்குக் கீழே வருகிறது. நீலகிரிக்கு அப்படி எதுவும் வருவதில்லை. உயரம் ஒன்றாக இருப்பது இங்கே எதையும் நிறுவாது.

சிம்லாவைவிட வலுவான எதிர்ச்சான்று ஒன்று உண்டு; நேர்மையான மறுப்பு அதைத் தவிர்க்கக் கூடாது. மெக்சிகோ நகரம் வெப்பமண்டலத்துக்குள், 19-ஆம் அட்சரேகையில், உதகையின் அதே 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1967 ஜனவரியில் அந்த நகரம் வெண்பனியால் மூடப்பட்டது. வியட்நாமின் சா பா ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமே உள்ளது, 22-ஆம் அட்சரேகையில். அங்கே 2016 ஜனவரியில் வெண்பனி விழுந்தது. அதே குளிரலையில் தெற்குச் சீனத்தின் குவாங்சோ வரை பனிக்கட்டி கலந்த மழை எட்டியது. வெப்பமண்டலத்தில் நடக்கவே நடக்காது என்று யாராவது சொன்னால் இவை அதைப் பொய்யாக்கும்.

ஆனால் இவை நடந்த விதத்தைப் பார்த்தால் நீலகிரியில் ஏன் நடக்காது என்பது இன்னும் தெளிவாகிறது. வட அமெரிக்காவில் கிழக்கு மேற்காகக் குறுக்கே நிற்கும் மலைத்தொடர் இல்லை. கனடாவில் திரளும் ஆர்க்டிக் காற்று சமவெளி வழியே தடையின்றி இறங்கி மெக்சிகோ வரை பாய்கிறது. கிழக்கு ஆசியாவிலும் அப்படியே: சைபீரியாவின் கனத்த குளிர்காற்று சீனத்தின் கிழக்குப் பகுதி வழியாக வியட்நாமின் வட மலைகளைத் தொடுகிறது. இந்தியாவுக்கு வடக்கே இமயமும் திபெத்தும் நிற்கின்றன. சைபீரியக் காற்று அந்தச் சுவரைத் தாண்டுவதில்லை. தக்காணத்துக்கு வரும் ‘வடக்குக் குளிர்’ இந்தியச் சமவெளியிலேயே குளிர்ந்த, மெல்லிய, வறண்ட காற்று. அது நீலகிரியை எட்டும்போது புல்லை உறையவைக்கப் போதும், இரண்டு கிலோமீட்டர் அடுக்கை உறையவைக்கப் போதாது. மெக்சிகோவைக் காட்டி நீலகிரிக்கு நம்பிக்கை தேடுபவர்கள் இமயத்தை மறந்துவிடுகிறார்கள்.

நீலகிரிக்குச் சரியான ஒப்பு போகோட்டா. கொலம்பியாவின் இந்தத் தலைநகரம் சுமார் 2,640 மீட்டர் உயரத்தில், தொட்டபெட்டா உச்சியின் மட்டத்தில் இருக்கிறது. ஆண்டின் தொடக்க மாதங்களில் தெளிந்த இரவுகளில் அதைச் சூழ்ந்த சமவெளியில் உறைபனி படிந்து மலர்த் தோட்டங்களைக் கருக்குகிறது. வெண்பனி அந்த நகருக்கு வருவதில்லை. இலங்கையின் நுவரெலியாவிலும் ஜனவரி, பிப்ரவரியில் தேயிலை உறைபனியில் கருகுகிறது. 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலையும் வெண்பனிக்கு எட்டாத உயரமே. வெப்பமண்டலத்தில் வெண்பனியை வழக்கமாகக் காண விரும்புபவர் ஹவாயின் 4,207 மீட்டர் மௌனா கியாவுக்கோ, 5,895 மீட்டர் கிளிமஞ்சாரோவுக்கோ செல்ல வேண்டும்.

போகோட்டாவில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2007 நவம்பரில் அந்த நகரின் தெருக்கள் வெள்ளைக் குவியலால் அடைபட்டன, கார்கள் புதைந்தன. அது ஆலங்கட்டி மழை. உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், மூணாறு ஆகிய இடங்களில் கோடை இடிமழையின்போது தரை வெளுக்கும் படங்களும் இப்படிப்பட்டவையே. ஆலங்கட்டி, இடிமேகத்தின் வலுவான மேலெழு காற்றில் பல கிலோமீட்டர் உயரம் தூக்கப்பட்டு, பனிக்கட்டி அடுக்கடுக்காகப் படிந்து, கனத்ததும் விழுவது. வேகமாக விழுவதால் வெப்ப அடுக்கைக் கடக்கும்போது முழுதும் உருக நேரம் கிடைப்பதில்லை. அதற்குத் தரை குளிர்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சென்னையிலும் ஆலங்கட்டி விழலாம். கையில் எடுத்துப் பார்த்தால் போதும்: கட்டியாக, கண்ணாடியும் பாலும் கலந்த நிறத்தில் இருப்பது ஆலங்கட்டி. ‘நீலகிரியில் ஏற்கனவே வெண்பனி விழுந்திருக்கிறது’ என்று காட்டப்படும் படங்களில் மாதத்தையும் உருண்டையின் வடிவத்தையும் கவனித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். அவலாஞ்சி என்ற ஊர்ப்பெயரையும் சிலர் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்தப் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே நேர்ந்த பெரிய மண்சரிவால் வந்தது.

பருவநிலை மாறிவிட்டது, ஆகவே எதுவும் நடக்கலாம் என்பது இப்போது அதிகம் கேட்கும் வாதம். பருவநிலை மாறுகிறது என்பது உண்மை. மாறும் திசை இதற்கு நேர் எதிரானது. புவி வெப்பமாகும்போது உறைநிலை மட்டம் மேலே நகர்கிறது. கிளிமஞ்சாரோவின் உச்சியில் 1912-இல் இருந்த பனிப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மறைந்துவிட்டது. உதகையைவிடச் சற்றுத் தெற்கேயுள்ள அட்சரேகையில், கிட்டத்தட்ட ஐயாயிரம் மீட்டர் உயரச் சிகரங்களைக் கொண்ட வெனிசுவேலா, தன் கடைசிப் பனியாற்றையும் அண்மையில் இழந்துவிட்டது. ஐயாயிரம் மீட்டரில் இருந்த பனியே நிற்க முடியாமல் போன காலத்தில், 2,600 மீட்டரில் புதிதாக வெண்பனி தோன்றும் என்று சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. எதுவும் நடக்கலாம் என்ற சொல் பருவநிலை அறிவியலுக்குச் செய்யும் தீங்கு பெரிது. மாற்றம் காரணகாரியம் இல்லாதது என்ற எண்ணத்தை அது விதைக்கிறது.

எல்லாம் சரி, பெயரில் என்ன இருக்கிறது, நாலு பேர் மகிழ்ச்சியாகப் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வி விடிந்தபின் அந்தத் தோட்டத்துக்குள் போகாதவர்களின் கேள்வி. உறைபனி நீலகிரிச் சிறு விவசாயிக்கு ஆண்டுதோறும் வரும் இழப்பு. தேயிலைத் துளிரின் திசுக்களில் உள்ள நீர் உறைந்து செல்களைச் சிதைக்கிறது. வெயில் ஏறியதும் இலை பழுப்பாகி, இரண்டொரு நாளில் கருகுகிறது. பள்ளத்தில் உள்ள தோட்டங்களில் கொழுந்து பறிப்பு வாரக்கணக்கில் நின்றுபோகும். பறிப்பவர்களுக்கு வேலை குறையும். மலைக்காய்கறி பயிரிட்டவர்கள் விடியுமுன் எழுந்து தெளிப்பான் வைத்து, வெயில் படுவதற்குள் உறைபனியைக் கழுவி விடுகிறார்கள். தேயிலை நாற்றுகளையும் தாழ்ந்த செடிகளையும் தாகைச் செடி வெட்டிவந்து மூடுகிறார்கள். அந்தத் தாகை மூடாக்கு செய்வது வெல்ஸின் களிமண் உருளை செய்ததுதான்: செடிக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு திரை. உறைபனி மேலிருந்து விழுவதில்லை, வெப்பம் மேலே போவதால் வருகிறது என்ற அறிவு அந்த விவசாயியின் கையில் நடைமுறையாக இருக்கிறது. செய்தியிலும் பேச்சிலும்தான் அது தொலைந்துபோகிறது.

வெள்ளையை மட்டும் தேடுபவர்கள் இன்னொன்றையும் தவறவிடுகிறார்கள். காற்று மிக வறண்டிருக்கும் இரவில், இலை பல டிகிரி பூஜ்ஜியத்துக்குக் கீழே சென்றாலும் படிவதற்குப் போதிய நீராவி இருப்பதில்லை. காலையில் தரையில் வெள்ளை எதுவும் தெரியாது. படமெடுக்க வந்தவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். தோட்டம் மட்டும் கருகியிருக்கும். நீராவி படிகமாகும்போது வெளிவிடும் சிறிதளவு வெப்பம்கூட அன்று இலைக்குக் கிடைக்காததால், சேதம் கூடுதலாகவே இருக்கும். அழகான காலைகளை எண்ணும் கணக்கில் இந்தக் காலைகள் சேர்வதே இல்லை. விவசாயிக்கு இவைதான் முதலில் கணக்கில் வரவேண்டியவை.

இழப்பை விட்டுப் பார்த்தாலும், உறைபனிக்கு நீலகிரியில் உள்ள இடம் இரவல் பெயரால் மறைக்கத் தக்கதல்ல. மேல்நீலகிரியின் இயற்கை முகம், மலை மடிப்புகளில் அடங்கிய சோலைக்காடும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளியும். இவ்வளவு மழை பெய்யும் இடத்தில் காடு ஏன் புல்வெளியை விழுங்கவில்லை என்பது பழைய கேள்வி. வனத்துறை அதிகாரி சி. ஆர். ரங்கநாதன் 1938-இல் அதற்கு உறைபனியைக் காரணமாக முன்வைத்தார். சோலை மரத்தின் கன்று காட்டின் கவிகையின் கீழே பிழைக்கும். திறந்த புல்வெளியில் முளைத்தால் டிசம்பர், ஜனவரி இரவுகள் அதைக் கொன்றுவிடும். தீ, மேய்ச்சல், மண் ஆகியவற்றின் பங்கைப் பற்றிப் பின்வந்தவர்கள் வாதிட்டிருக்கிறார்கள். ஆனால் கன்றுகளை உறைபனி வடிகட்டுகிறது என்ற கருத்து இன்றும் வலுவாகவே நிற்கிறது. இந்தப் புல்வெளி காட்டை அழித்து மனிதர் உண்டாக்கிய தரிசு அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. ராமன் சுகுமார் குழுவினர் நீலகிரிச் சதுப்புகளின் புல்கரி மண்ணை ஆராய்ந்து 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட முடிவுகள், அங்கே புல்லும் காடும் 20,000 ஆண்டுகளாகப் பருவநிலைக்கேற்பக் கூடியும் குறைந்தும் வந்திருப்பதைக் காட்டின. காட்டுப்பூவரசு மட்டும் புல்வெளி நடுவே தனியாக நிற்பதும் அது உறைபனியைத் தாங்குவதால்தான். உறைந்து காய்ந்த புல்லே பிப்ரவரி, மார்ச்சில் காட்டுத்தீக்கு எரிபொருளாகிறது. தன் நிலத்தை இப்படி உருவாக்கிய ஒரு நிகழ்வைக் காஷ்மீரின் மங்கிய நகலாகப் பார்ப்பது, இருப்பதை விட்டுவிட்டு இல்லாததைத் தேடுவதாகும். அந்தத் தேடலில் விடியற்காலையில் நூற்றுக்கணக்கானோர் புல்வெளிகளுக்குள்ளும் சதுப்புகளுக்குள்ளும் இறங்கி மிதிப்பதும் சேர்ந்துகொள்கிறது.

மனித உயிரும் இதில் இருக்கிறது. காஷ்மீரை எதிர்பார்த்து வருபவர்கள், குளிர் தாங்காமல், அடைத்த அறைக்குள் கரி அடுப்பை மூட்டிக்கொண்டு படுக்கிறார்கள். கரி எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே கொல்லும். மலை ஊர்களில் இப்படி இறப்புகள் நேர்ந்திருக்கின்றன. வெண்பனி வருமா என்று ஆரூடம் சொல்லும் நேரத்தில், ‘இன்று இரவு கடுங்குளிர், அறைக்குள் கரி மூட்டாதீர்கள்’ என்று ஒரு வரி சொன்னால் அது பயன்படும்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு தமிழகத்தில் தனியார் வானிலை ஆர்வலர்களின் சொல்லுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. மழையை அவர்களில் பலர் ஊர் ஊராக, மணிக்கு மணி பின்தொடர்ந்து சொல்கிறார்கள். மக்கள் அதை நம்பி நடக்கிறார்கள். அந்த மதிப்பு உள்ளவர்கள் நடக்க முடியாத ஒன்றைப் ‘பார்க்கலாம்’ என்று ஒவ்வொரு குளிர்காலமும் சொல்லிக்கொண்டிருப்பது தகாது. அதே ஆர்வமும் அதே கருவிகளும் உறைபனியின்மேல் திரும்பினால் நீலகிரிக்கு உண்மையான உதவியாக இருக்கும். உறைபனி முன்கூட்டிச் சொல்லக்கூடியது. மாலையில் வானம் தெளிந்திருக்கிறதா, காற்று ஓய்ந்திருக்கிறதா, பனிநிலை வெப்பம் (காற்றிலுள்ள நீராவி படியத் தொடங்கும் வெப்பநிலை) பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்தாலே அன்றிரவைப் பற்றிப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடலாம். ஒரே ஊருக்குள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பல டிகிரி வேறுபடுவதால், ஒரு வானிலை நிலையம் போதாது. இங்கேதான் உள்ளூர் ஆர்வலருக்கு இடம் இருக்கிறது. காந்தலிலும் தலைக்குந்தாவிலும் எமரால்டிலும் கூக்கல்தொரையிலும் வீட்டுக்கு ஒரு புல்மட்ட வெப்பமானி இருந்து, அளவு நாள்தோறும் குறிக்கப்பட்டால், எந்தப் பள்ளம் எந்த இரவில் உறையும் என்பதற்கு ஒரு வரைபடமே உருவாகும். வெள்ளை தெரிந்த காலைகளோடு வெள்ளை தெரியாமல் கருகிய காலைகளையும் அதில் குறிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குள் அந்த முன்னறிவிப்பு விவசாயிக்குப் போய்ச் சேர்ந்தால் அவர் தாகை வெட்டி மூட நேரம் இருக்கும். ஆர்வலர்கள் இந்த டிசம்பரிலேயே இதைத் தொடங்க வேண்டும்.